டி.சி. கிடைக்காத ஆட்டக்காரர்



போன ஞாயிற்றுக்கிழமை பேரன் போனைப் பார்த்துக்கொண்டே, "தாத்தா, பத்துப் பைசா கொடுக்காம ஒரு பிளேயரை எடுத்துட்டாங்க. போஸ்மன் டிரான்ஸ்ஃபர்" என்றான். போஸ்மன் யாரென்று கேட்டேன். "அது ஆள் பேரா? ஏதோ ரூல் பேருன்னு நினைச்சேன்" என்றான். முப்பத்துநாலு வருஷம் வரலாறு நடத்தியவனால் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது பழக்கம்தான்.

ஜான்-மார்க் போஸ்மன் 1964 அக்டோபரில் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் பிறந்தவர். நடுக்கள ஆட்டக்காரர். அந்த ஊரின் பெரிய கிளப்பான ஸ்டாண்டர்ட் லியேஜில் வளர்ந்து, பெல்ஜிய இளையோர் அணிக்குத் தலைமை தாங்கும் அளவுக்கு வந்தவர். 1988இல் அதே ஊரின் இன்னொரு கிளப்பான ஆர்.எஃப்.சி. லியேஜ் அவரை 30 லட்சம் பெல்ஜிய பிராங்க் கொடுத்து வாங்கியது. இது லேசுப்பட்ட கிளப் இல்லை. 1896இல் பெல்ஜியத்தின் முதல் லீக் சாம்பியன் இவர்கள்தான். போஸ்மனுக்கு மாதச் சம்பளம் 1,20,000 பிராங்க். ஆட்டம் சுமார்தான், பெரிய நட்சத்திரமாக அவர் வரவில்லை.

ஒப்பந்தம் 1990 ஜூன் 30இல் முடிந்தது. புது ஒப்பந்தம் ஒன்றை கிளப் நீட்டியது. ஒரு வருஷத்துக்கு, மாதம் 30,000 பிராங்க். பெல்ஜிய சம்மேளனத்தின் விதிப்படி ஒரு தொழில்முறை ஆட்டக்காரருக்குக் கொடுக்கக்கூடிய மிகக் குறைந்த தொகை அதுதான். போஸ்மன் கையெழுத்துப் போட மறுத்தார்.

"ஒப்பந்தம் முடிஞ்சா வேற கிளப்புக்குப் போக வேண்டியதுதானே?" என்றான் பேரன். அன்றைக்கு அப்படிப் போக முடியாது என்பதுதான் கதையே. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் பழைய கிளப்பின் பிடியில்தான் இருப்பார். அழைத்துக்கொள்ளும் கிளப், அவரைப் பயிற்றுவித்து வளர்த்ததற்கு ஈடு என்று ஒரு தொகை கட்ட வேண்டும். கட்டாய மாற்றல் பட்டியலில் வைத்தால் அந்தத் தொகைக்குச் சூத்திரமும் இருந்தது: வருஷ வருமானத்தை வயதுக்கேற்ப 14 முதல் 2 வரையான ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். வயது குறைந்தால் எண் கூடும். போஸ்மனுக்கு வந்த விலை 1,17,43,000 பிராங்க்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். வாங்கிய விலை 30 லட்சம், விற்கும் விலை கிட்டத்தட்ட நான்கு மடங்கு. சம்பளமோ நான்கில் ஒரு பங்கு. உங்கள் கணக்கு வாத்தியார் இதைத் தேர்வில் கேட்டிருந்தால் கேள்வியே தப்பு என்று சண்டைக்குப் போயிருப்பீர்கள்.

அந்த விலைக்கு யாரும் வரவில்லை. போஸ்மனே அலைந்து பிரான்சின் இரண்டாம் டிவிஷன் கிளப்பான டன்கர்க்கைப் பிடித்தார். (ஆமாம், 1940 படைப் பின்வாங்கல் பாடத்தில் வரும் அதே டன்கர்க்தான்.) சம்பளம் ஏறக்குறைய லட்சம் பிராங்க். இரண்டு கிளப்பும் பேசி முடித்தன: ஒரு வருஷத்துக்கு 12 லட்சம், பிறகு வேண்டுமானால் முழுசாக எடுத்துக்கொள்ள இன்னும் 48 லட்சம். பாக்கி இருந்தது ஒரே ஒரு காகிதம்தான், பெல்ஜிய சம்மேளனம் பிரெஞ்சு சம்மேளனத்துக்கு அனுப்ப வேண்டிய மாற்றுச் சான்றிதழ். நம் பாஷையில் டி.சி. பருவத்தின் முதல் ஆட்டமான ஆகஸ்ட் 2க்குள் அது போய்ச் சேர வேண்டும்.

டன்கர்க்கிடம் பணம் இருக்கிறதா என்ற சந்தேகம் லியேஜ் கிளப்புக்கு. சான்றிதழை அனுப்பச் சொல்லிச் சம்மேளனத்திடம் கேட்கவே இல்லை. ஒப்பந்தங்கள் இரண்டும் செத்தன. அதோடு ஜூலை 31ஆம் தேதி போஸ்மனை இடைநீக்கமும் செய்தது. அந்தப் பருவம் முழுக்க அவர் எங்கேயும் ஆட முடியாது என்று ஆயிற்று. வயது 25. பந்து உதைப்பவனுக்கு அது எப்பேர்ப்பட்ட வயது என்று உங்களுக்கே தெரியும்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். அரசுப் பணிக்கு வருவதற்கு முன் ஒரு தனியார் பள்ளியில் இருந்தேன். சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அரசு ஆணை வந்த பிறகு அவற்றைத் திரும்ப வாங்கப் பதினொரு நாள் நடந்தேன். ராத்திரி தூக்கம் கிடையாது. என் சான்றிதழ், என் படிப்பு, ஆனால் வேறொருவர் பீரோவில் கிடக்கிறது. எனக்குப் பதினொரு நாள். போஸ்மனுக்கு ஐந்து வருஷம் நாலு மாதம்.

1990 ஆகஸ்ட் 8ஆம் தேதி அவர் லியேஜ் நீதிமன்றத்துக்குப் போனார். லுக் மிசோன் என்ற வழக்கறிஞரும், அப்போது இளைஞரான ஜான்-லூயி துப்போனும் வழக்கை எடுத்தார்கள். இடைக்கால உத்தரவு அவருக்குச் சாதகமாகவே வந்தது. அதை வைத்துப் பிரான்சின் செயின்ட்-குவென்டினில் ஒரு பருவம் ஆடினார். 1992இல் ரீயூனியன் தீவின் செயின்ட்-டெனி. கரும்புத் தோட்ட வேலைக்கு நம் தமிழர்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோன அதே ரீயூனியன்தான். அதுவும் நிலைக்கவில்லை. 1993இல் பெல்ஜியத்துக்கே திரும்பி, மூன்றாம் டிவிஷனில் இருந்த ஒலிம்பிக் ஷார்ல்ரோவா. வழக்குப் போட்டவனை எந்த கிளப் சேர்க்கும்? ஐரோப்பிய கிளப்புகள் அவரைப் புறக்கணித்ததாக எண்ண இடமிருக்கிறது என்று பின்னால் வந்த தீர்ப்பிலேயே குறிப்பு இருக்கிறது.

வழக்கு நகர நகர ஐரோப்பிய சம்மேளனமான யுஇஎஃப்ஏவும் எதிர்த்தரப்புக்கு வந்து சேர்ந்தது. லியேஜ் மேல்முறையீட்டு நீதிமன்றம் கேள்விகளை லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 1995 டிசம்பர் 15ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் ஒருவரின் ஒப்பந்தம் முடிந்துவிட்டால், இன்னொரு உறுப்பு நாட்டு கிளப் அவரைச் சேர்க்கப் பழைய கிளப்புக்குப் பணம் கட்டத் தேவையில்லை. அதோடு, ஓர் அணியில் வெளிநாட்டவர் இத்தனை பேர்தான் என்ற வரம்பும் ஒன்றியக் குடிமக்களுக்குச் செல்லாது. உழைப்பவர் எந்த உறுப்பு நாட்டிலும் வேலை தேடிப் போகலாம் என்று ஒப்பந்தத்தின் அப்போதைய 48ஆம் பிரிவு சொன்னது, பந்து உதைப்பதும் வேலைதான் என்பதே அதன் சாரம். இளம் ஆட்டக்காரர்களை வளர்க்கப் பணம் வேண்டாமா என்று கிளப்புகள் கேட்டன. நியாயமான நோக்கம்தான் என்று நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. ஆனால் இந்தத் தொகைக்கும் வளர்க்க உண்மையில் ஆன செலவுக்கும் சம்பந்தமே இல்லையே என்று திருப்பிக் கேட்டது.

பலன் யாருக்கு? அதே 1995 மே மாதம் வியன்னாவில் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணி ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ். சின்னப் பையன்களிலிருந்து வளர்த்தெடுத்த அணி அது. அடுத்த இரண்டு வருஷத்தில் டேவிட்ஸ், ரைசிகர், கோப்பையை வென்ற கோலை அடித்த க்ளைவர்ட், போகார்டே நால்வரும் மிலானுக்குப் போனார்கள். அயாக்சுக்குக் காலணா வரவில்லை. இங்கிலாந்தில் 1999 டிசம்பர் 26இல் செல்சீ களமிறக்கிய பதினொருவரில் ஒருவர்கூட உள்நாட்டவர் இல்லை. முன்பு கிளப்புக்குக் கட்டிய பணம் ஆட்டக்காரரின் சம்பளமாக மாறிற்று. பணக்கார நாட்டு கிளப்புகள் இன்னும் பெருத்தன. அயாக்சுக்குப் பிறகு ஐந்து பெரிய லீகுகளுக்கு வெளியேயிருந்து அந்தக் கோப்பையைத் தொட்ட அணி 2004இன் போர்ட்டோ ஒன்றுதான். இதில் எனக்கு வருத்தம் உண்டு. ஊர்ப் பையனை வளர்த்து விடுகிற சின்ன கிளப்பின் நிலை எனக்குப் புரிகிறது; நானும் பையன்களை வளர்த்து அனுப்பியவன்தானே. ஆனால் அதற்காக ஒருவனைப் பூட்டி வைக்கலாம் என்றால், அதை நான் ஒப்பமாட்டேன்.

தீர்ப்பு வந்தபோது போஸ்மனுக்கு 31 வயது. ஆட்ட வாழ்க்கை அநேகமாக முடிந்திருந்தது. பிறகு இழப்பீடு கொஞ்சம் வந்தது, தங்கவில்லை. மனச்சோர்வு, குடி, அரசு உதவிப் பணத்தில் காலம் தள்ளியது எல்லாவற்றையும் அவரே பேட்டிகளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஒரு தாக்குதல் வழக்கில் தண்டனையும் பெற்றார். அவரை உத்தமராக்க நான் வரவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் பெயரில் கோடிகளில் சம்பளம் வாங்கியவர்களில் எத்தனை பேர் அவரை நினைத்தார்கள் என்று பேரன் கேட்டான். வீரர் சங்கங்கள் உதவியது உண்டு என்று மட்டும் சொன்னேன்.

இன்னொன்று. அந்த இளம் வழக்கறிஞர் துப்போன் சும்மா இருக்கவில்லை. லசானா தியாரா என்ற பிரெஞ்சு நடுக்கள ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தை மாஸ்கோ லோகோமோட்டிவ் 2014இல் முறித்தது. அடுத்த வருஷம் பெல்ஜியத்தின் ஸ்போர்ட்டிங் ஷார்ல்ரோவா அவரைச் சேர்க்க முன்வந்தபோது தடையாக நின்றவற்றில் ஒன்று, மறுபடியும் அந்த மாற்றுச் சான்றிதழ்! துப்போன் அந்த வழக்கிலும் வாதாடினார். 2024 அக்டோபர் 4இல் அதே லக்சம்பர்க் நீதிமன்றம், ஃபிஃபாவின் சில விதிகள் ஒன்றியச் சட்டத்துக்கு முரண் என்றது.

பேரன் இப்போது தியாரா கதையைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருக்கிறான். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.