ஒரு ராத்தல் தானியம்: தாது வருடப் பஞ்சத்தில் உழைப்புச் சோதனை அளந்தது எதை?

1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துப் பஞ்ச நிவாரண வேலைத்தளங்களில் ஆண் ஒருவரின் நாள் கூலி, ஒரு ராத்தல் தானியத்துக்கான விலையும் ஓர் அணாவும் என்று குறைக்கப்பட்டது. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதற்கும் கீழே. வைசிராய் லிட்டன் அனுப்பிவைத்த பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்டு டெம்பிள் செய்த ஏற்பாடு இது. கூலி குறைந்ததும் வேலைத்தளங்களில் ஆள் எண்ணிக்கை சரிந்தது. சரிந்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அந்தச் சரிவுக்கு என்ன பொருள் என்பதில்தான் வழக்கு.

டெம்பிளின் விளக்கம் சுருக்கமானது. விலகியவர்களுக்கு வேறு பிழைப்பு இருந்தது. ஆகவே அவர்கள் முதலிலேயே வந்திருக்க வேண்டாதவர்கள். அரசாங்கத்தின் கடுமை மட்டும் கழிந்த வடிவில் இதே விளக்கம் பிற்கால ஆய்வு மரபொன்றிலும் நிலைத்துவிட்டது. உதவி பெற உழைத்தாக வேண்டும், கூலியும் சந்தைக் கூலியை எட்டக்கூடாது என்று விதித்துவிட்டால், வறியவர்கள் மட்டுமே தாமாக வந்து நிற்பார்கள்; உழைப்புச் சோதனை என்பது இதுதான். யாரையும் விசாரித்துப் பட்டியல் எழுதத் தேவையில்லை என்பது அம்மரபின் வாதம். வேலையற்றோர் உதவித்தொகைக்கு ஈடாக உழைக்க வேண்டும் என்று இன்று வாதிடுவோரும் பெரும்பாலும் இதன்மேல்தான் நிற்கிறார்கள். வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பட்டியல் எழுதும் கர்ணத்தின் நாக்கைவிட மண்வெட்டி நேர்மையான நடுவர்தான். ஆனால் மண்வெட்டி பிரித்துக் காட்டுவது தேவையுள்ளவரையா, தெம்புள்ளவரையா?

கூலியையே சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஒரு ராத்தல் என்பது சுமார் 450 கிராம். அரிசியானால் ஏறத்தாழ 1,600 கலோரி. உப்பு, புளி, மிளகாய், பருப்பு, விறகு எல்லாம் மிஞ்சிய ஓர் அணாவுக்குள் அடங்க வேண்டும். உப்புக்கு வரி வேறு. கேழ்வரகோ சோளமோ வாங்கினால் இடித்தோ திரித்தோ சமைக்க வேண்டும். மண் சுமந்தும் ஜல்லி உடைத்தும் திரும்பிய கைகளே அதையும் செய்ய வேண்டும். வீட்டில் வேலைக்கு லாயக்கற்ற கிழவரோ கைக்குழந்தையோ இருந்தால் அந்த 450 கிராமும் பங்கு பிரியும். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுப்பிய ஆட்சேபம் இங்கேதான் வேர் கொண்டது. 1860களிலேயே இம்மாகாண மக்களின் உணவைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர் அவர். உழைக்கும் உடலுக்குக் குறைந்தது ஒன்றரை ராத்தல் தானியமும் அதோடு பருப்பு, காய்கறியும் வேண்டும் என்பது அவர் கணக்கு. டெம்பிளோ, இதைச் சோதனை செய்து பார்க்கலாம் என்றார். எதிராளியின் கணக்கை மறுக்க அவரிடம் இருந்தது பெரும்பாலும் வேலைத்தளங்களைச் சுற்றிவந்த கண்பார்வை மட்டுமே.

கார்னிஷின் கணக்கை ஏற்றால் எண்ணிக்கைச் சரிவின் பொருளே மாறிவிடுகிறது. உண்பதைவிட உழைப்பு அதிகம் தின்னும் இடத்தை விட்டு ஒருவர் விலகுவது வசதிக்கு அடையாளம் அல்ல. எளிய கணக்கு அது. கூடையைத் தூக்க முடியாதவர் விலகினாலும், வயலில் கிழங்கு தோண்டப் போனவர் விலகினாலும், வீட்டில் தானியம் வைத்திருந்தவர் விலகினாலும் பதிவேட்டில் விழுவது ஒரே ஒரு கழித்தல்தான். வேலைத்தளக் கணக்கு அங்கே இருப்பவரை எண்ணுமே தவிர, போனவர் எங்கே போனார் என்று எழுதாது. ஆகவே அந்தச் சரிவை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று நிறுத்திக்கொள்வதே முறை.

ஆனால் சான்று அதோடு முடிந்துவிடவில்லை. 1877இன் நடுப்பகுதியில் கஞ்சித் தொட்டிகளிலும் முகாம்களிலும் கிராமங்களிலும் இலவச நிவாரணம் பெற்றோர் தொகை ஏறிக்கொண்டே போய், வேலைத்தளங்களில் இருந்தோரை விஞ்சியது. பருவமழை பொய்த்ததும் இதற்கு ஒரு காரணம் என்பது உண்மை. எனினும், ‘தேவையற்றவர்’ என்று கழிக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினரேனும் சில மாதங்களில் கஞ்சிக் கலயத்தோடு திரும்பி வந்தார்கள் என்ற முடிவைத் தவிர்ப்பது கடினம். சோதனை அவர்களின் தேவையைப் பொய்யாக்கவில்லை. உழைக்க முடிந்தவர்களை உழைக்க முடியாதவர்களாக்கிவிட்டுத் திருப்பி அனுப்பியது.

பம்பாய் மாகாணத்தில் அதே மாதங்களில் நடந்ததை எதிர்ச்சான்றாகக் காட்டுவதுண்டு. அங்கே ஒரு லட்சம் பேரளவில் புதிய கூலியை மறுத்து வெளியேறினார்கள். பட்டினி கிடப்பவர் வேலைநிறுத்தம் செய்வாரா என்று அன்றே கேட்கப்பட்டது. ஆனால் கூலிக் குறைப்போடு சேர்ந்து, ஊருக்கு அருகிலிருந்த வேலைகளை விட்டுத் தொலைதூரத் தளங்களுக்குப் போகும்படி அவர்களுக்கு உத்தரவிடப்பட்டிருந்தது. கிழவர்களையும் மாடுகளையும் விட்டுவிட்டு அவர்கள் எப்படிப் போவார்கள்? டெம்பிள் ஏன் இவ்வளவு கடுமை காட்டினார் என்பது வேறு கேள்வி. 1873–74 பீகார் பஞ்சத்தில் பர்மா அரிசியை இறக்கிச் சாவுகளைப் பெருமளவு தடுத்தவரும் இதே டெம்பிள்தான். அதற்காகப் பணத்தை வாரி இறைத்தார் என்று ஏசப்பட்டவர். சென்னையில் அவர் போட்ட ஒரு ராத்தல் கணக்குக்கு விளக்கம் சென்னைக் குடியானவரின் வயிற்றில் இருப்பதைவிட அந்த ஏச்சில் இருக்கக் கூடும்.

இதிலிருந்து உழைப்பை நிபந்தனையாக்குவதே தவறு என்று முடிவு கட்ட முடியாது. நிபந்தனை என்ன அளக்கிறது என்பதைக் கூலியும் தூரமும் தீர்மானிக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியாவில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் மடிந்த பிறகு, 1880இல் அறிக்கை தந்த பஞ்ச ஆணையம் உழைப்புச் சோதனையைக் கைவிடவில்லை. 1883இல் வந்த சென்னைப் பஞ்ச விதித்தொகுப்பிலும் அது தொடர்ந்தது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டமும் உழைப்பைக் கேட்டது. ஆனால் ஐந்து கிலோமீட்டருக்குள் வேலை, அதைத் தாண்டினால் பத்து சதவீதம் கூடுதல் கூலி, கேட்ட பதினைந்து நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி என்று அரசையும் அது கட்டிப்போட்டது. ஒரு ராத்தல் கூலியோ அந்த 1877ஆம் ஆண்டைக்கூடத் தாண்டவில்லை: சென்னை அரசு அதை அந்த ஆண்டுக்குள்ளேயே உயர்த்திவிட்டது.