ரோஜா நறுமண எண்ணெய்

ரோஜா நறுமண எண்ணெய் என்பது ரோஜா மலர்களைக் காய்ச்சி வடித்துப் பெறப்படும், எளிதில் ஆவியாகும் எண்ணெய். வாசனைத் திரவியங்களிலும் சருமப் பராமரிப்புப் பொருள்களிலும் பயன்படுகிறது. வெளிர்மஞ்சள் நிறமுடைய இது, ஏறத்தாழ 20 பாகை செல்சியசுக்குக் கீழே படிகமாக உறையத் தொடங்கும். உள்ளங்கைச் சூட்டில் மீண்டும் இளகும். மணமற்ற மெழுகுப் பொருள்கள் இதில் கலந்திருப்பதே அதற்குக் காரணம்.

மலரும் விளைநிலமும்

இவ்வெண்ணெய் பெரும்பாலும் டமாஸ்க் ரோஜா எனப்படும் ரோசா டமாசீனா இனத்திலிருந்து கிடைக்கிறது. பல்கேரியாவின் கசன்லாக் பள்ளத்தாக்கும் துருக்கியின் இஸ்பார்த்தாவும் முதன்மையான உற்பத்திப் பகுதிகள். ஈரானின் காஷான், சவூதி அரேபியாவின் தாயிஃப், மொராக்கோ ஆகியவையும் பெயர்பெற்றவை. பல்கேரிய ரோஜா எண்ணெய்க்கு ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் புவிசார் பாதுகாப்பு வழங்கியது. இந்தியாவில் உத்தரப்பிரதேசத்தின் கன்னோசி நகரம் அத்தர் தொழிலுக்குப் புகழ்பெற்றது. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர், நூர்ஜஹானின் தாயார் ரோஜா அத்தரைக் கண்டறிந்ததாகத் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியுள்ளார்.

தயாரிப்பு

பல்கேரியாவில் மே, ஜூன் மாதங்களில் பூப்பறிப்பு நடக்கிறது. வெயில் ஏற ஏற மலரிலுள்ள எண்ணெய் குறைவதால் விடியற்காலையில் பறித்து, அன்றே வாலை எனும் வடிகலத்தில் இடுவர். ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்று முதல் ஐந்து டன் மலர்கள் வரை தேவைப்படும். விலை மிக அதிகமாக இருப்பது இதனால்தான்.

மணப்பொருள்களில் ஒரு பகுதி வடிநீரில் கரைந்து போகும். அதை மீட்க, வடிநீரை மறுபடியும் காய்ச்சி வடித்து, அதில் கிடைக்கும் எண்ணெயை முதல் எண்ணெயுடன் சேர்க்கின்றனர். எஞ்சும் மணநீரே பன்னீர். கன்னோசியில் 'தேக்' எனும் செப்புப் பானையிலிருந்து மூங்கில் குழாய் வழியே வரும் ஆவி, 'பப்கா' எனும் கலத்தில் இருக்கும் சந்தன எண்ணெயில் இறங்கினால் அது அத்தர். எதுவும் கலவாத தூய எண்ணெய் 'ரூ குலாப்'. கரைப்பான் கொண்டு பிரித்தெடுக்கப்படும் 'அப்சொல்யூட்' வேறொரு பொருள். ரோஜாக்காயின் விதையைப் பிழிந்தெடுக்கும் 'ரோஸ்ஹிப்' எண்ணெய் ஆவியாகாத கொழுப்பெண்ணெய். அதற்கும் ரோஜா நறுமண எண்ணெய்க்கும் குணத்திலும் பயனிலும் உறவில்லை.

வேதியியல்

சிட்ரோனெல்லோல், ஜெரானியோல், நெரோல் ஆகிய ஆல்கஹால்களே இதில் மிகுதி. ஆனால் மணத்தின் தனித்தன்மையைத் தருபவை மிகச் சிறு அளவில் உள்ள டமாசினோன், ரோஸ் ஆக்சைடு போன்றவை. நீரில் நன்கு கரையும் பீனைல் எத்தில் ஆல்கஹால் வடித்த எண்ணெயில் குறைவாகவும், பன்னீரிலும் அப்சொல்யூட்டிலும் மிகுதியாகவும் காணப்படும்.

சருமப் பராமரிப்பில்

முகக் களிம்பு, சீரம், மசாஜ் எண்ணெய், சோப்பு ஆகியவற்றில் இது முதன்மையாக மணத்துக்காகச் சேர்க்கப்படுகிறது. கிரேக்க மருத்துவர் கேலனின் பெயரால் வழங்கும் பழைய குளிர்களிம்பில் தேன்மெழுகுடன் சேர்ந்தது ரோஜா இதழ் ஊறிய எண்ணெய். வடித்த எண்ணெய் அன்று.

சில நுண்ணுயிரிகளை இவ்வெண்ணெய் தடுப்பதும், ஆக்சிஜனேற்றத்தை எதிர்ப்பதும் ஆய்வகச் சோதனைகளில் காணப்பட்டுள்ளன. எனினும் சுருக்கம், தழும்பு, பரு ஆகியவற்றை இது நீக்கும் என்பதற்கு மனிதர்களிடம் நடந்த வலுவான ஆய்வுச் சான்று இல்லை. வறண்ட சருமத்துக்கு ஈரப்பதம் காப்பது பெரும்பாலும் இதனுடன் கலக்கும் பாதாம், ஹோஹோபா போன்ற தாங்கு எண்ணெயே.

பாதுகாப்பு

நேரடியாகச் சருமத்தில் தடவுவது தவறு. முகத்துக்கு 0.5 விழுக்காடு, அதாவது 30 மில்லிலிட்டர் தாங்கு எண்ணெய்க்கு ஏறத்தாழ மூன்று துளி போதும். ஜெரானியோல், சிட்ரோனெல்லோல், யூஜினோல் போன்றவை சிலருக்கு ஒவ்வாமை தரும். கழுவாமல் விடும் பொருள்களில் இவை 0.001 விழுக்காட்டைத் தாண்டினால் உறையில் பெயர் குறிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. இயற்கையாகவே சிறிதளவு இருக்கும் மெத்தில் யூஜினோலுக்கும் அங்கு வரம்பு உண்டு. காற்றுப்பட்டுப் பழையதான எண்ணெய் ஒவ்வாமையைக் கூட்டக்கூடும் என்பதால், அடர்நிறப் புட்டியில் இறுக மூடிக் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

கலப்படம்

ஜெரேனியம் எண்ணெயும், இந்தியாவில் விளையும் பாமரோசாப் புல்லின் எண்ணெயும் நெடுங்காலமாகக் கலப்படப் பொருள்கள். இரண்டிலும் ஜெரானியோல் இருப்பது அதற்கு வசதி. குளிரில் உறைவது பழைய சோதனை என்றாலும், மெழுகு சேர்த்து அதையும் ஏமாற்ற முடியும். எனவே வாயு நிறப்பிரிகை ஆய்வுச் சான்றே நம்பத்தக்கது. மலரின் தேவையைக் கணக்கிட்டால், மலிவு விலையில் 'தூய ரோஜா எண்ணெய்' என விற்கப்படுவது தூயதாக இருக்க வாய்ப்பில்லை.