கிளைடு: வழுக்காத ஒரு சொல்லின் வரலாறு

1910ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பல்லாவரத்தில் ஓர் இயந்திரம் தரையை விட்டு எழுந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவர் தாமே வடிவமைத்து, சிம்ப்சன் நிறுவனத்தாரைக் கொண்டு செய்வித்த விமானம் அது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் பிளெரியோ என்ற பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்திருந்தார். அந்தச் செய்தியின் சூடு ஆறுவதற்குள் இங்கே ஓர் ஓட்டல்காரர் பறந்து பார்த்துவிட்டார். அடுத்த ஆண்டு, 1911இல், கிறித்தவக் கல்லூரியில் பதின்மூன்று ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்த வேதாசலம் பிள்ளை பணியிலிருந்து விலகி இதே பல்லாவரத்தில் குடியேறினார். 1916இல் அவர் மறைமலையடிகள் ஆனதும், ‘ஞானசாகரம்’ ‘அறிவுக்கடல்’ ஆனதும், வள்ளலார் பாடலில் ‘தேகம்’ என்ற இடத்தில் ‘யாக்கை’ இருந்திருக்கலாகாதா என்று அவர் ஏங்கியதும் நம் நண்பர்கள் அறிந்தவையே.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் ஒரே ஊரில் ஓராண்டு இடைவெளியில் விமானமும் தனித்தமிழும் வந்து இறங்கியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு: ஆங்கிலத்தில் ‘கிளைடு’ என்கிறார்களே, அதற்குத் தமிழ் என்ன? இன்றும் பல்லாவரத்துக்கு அடுத்த மீனம்பாக்கத்தில் தரையிறங்கும் விமானங்கள், ஏறத்தாழ மூன்று பாகைச் சாய்வில் வகுத்த ஒரு கோட்டைப் பற்றிக்கொண்டே இறங்குகின்றன. அந்தக் கோட்டுக்கு விமானிகள் இட்ட பெயர் ‘கிளைடு சுலோப்’. அச்சொல்லை ‘சறுக்குதல்’ என்று பெயர்த்து, ‘கிளைடர்’ என்பதைச் ‘சறுக்கு வானூர்தி’ என்று கலைச்சொல் பட்டியல்களில் எழுதிவைத்திருக்கிறோம். இது சரிதானா என்று பார்க்க அச்சொல்லின் பிறப்பை முதலில் காண வேண்டும்.

‘கிளைடு’ இலத்தீனிலிருந்தோ கிரேக்கத்திலிருந்தோ வந்த இரவல் சரக்கன்று. ஆங்கிலத்தின் சொந்தச் சொல். பழைய ஆங்கிலத்தில் ‘கிளீடன்’. செருமானியரின் ‘கிளைட்டன்’, டச்சுக்காரரின் ‘கிளைடன்’ எல்லாம் இதன் உடன்பிறப்புகள். பழம்பாடல்களில் இச்சொல் வரும் இடங்கள் சுவையானவை. ‘பேவுல்ஃப்’ காப்பியத்தில் இரு வீரர்கள் போட்டியிட்டுக் கடல்மீது நீந்திச் செல்வதற்கு இவ்வினை. 937இல் நடந்த புருனன்பர் போரைப் பாடிய புலவன், காலையில் எழுந்த ஞாயிறு மாலைவரை நிலத்தின்மேல் சென்று மறைந்ததற்கும் இதே வினையை ஆண்டான். கீழே ஆயிரமாயிரம் பேர் வெட்டுண்டு விழ, மேலே கதிரவன் அலுங்காமல் செல்கிறான். கதிரவன் சறுக்கினான் என்றா அதைத் தமிழில் சொல்வோம்?

இச்சொல்லிலிருந்து ஒரு பறவைக்கும் பெயர் பிறந்தது. பழைய ஆங்கிலத்தில் பருந்துக்கு ‘கிளிடா’ என்று பெயர். சிறகை அசைக்காமலே வானில் மிதந்து செல்வதனால் வந்த பெயர். இங்கிலாந்தின் வடபகுதியிலும் ஸ்காத்லாந்திலும் அது ‘கிளெட்’ என்று நெடுங்காலம் வழங்கியது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், உண்ணலாகாப் பறவைகளின் பட்டியலிலும் ‘கிளீட்’ என்று இப்பெயர் இருக்கிறது. மனிதன் பறக்கக் கற்றதும் பறவையைப் பார்த்துத்தான். செருமனியின் ஓட்டோ லிலியெந்தால் நாரைகளின் சிறகை ஆராய்ந்து 1889இல் நூல் எழுதினார். பிறகு தாமே சிறகு கட்டிக்கொண்டு குன்றிலிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் முறை காற்றில் இறங்கினார். 1896 ஆகஸ்டில் அப்படி இறங்கும்போதே விழுந்து மறுநாள் இறந்தார். இயந்திரமில்லாத பறக்கும் கருவிக்கு ஆங்கிலத்தில் ‘கிளைடர்’ என்ற பெயர் நிலைபெற்றது அந்த ஆண்டுகளை ஒட்டித்தான்.

இனி நம் பக்கம் வருவோம். தமிழில் வழவழப்பான இயக்கத்தைக் குறிக்கும் வினைகளுக்குப் பஞ்சமில்லை. வழுக்கு, சறுக்கு, நழுவு, இழுக்கு, ஒழுகு, ஊர், தவழ், மித என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் இவை ஒரே குடும்பத்தார் அல்லர். என் கருத்தில் தமிழ் இந்த இயக்கத்தை இரண்டாகப் பகுத்துவைத்திருக்கிறது: தன்வயம் இழந்த இயக்கம், தன்வயம் இழக்காத இயக்கம்.

முதலாவதன் கதி எப்போதும் குற்றத்தில்தான் முடிகிறது. வழுவுதலிலிருந்து ‘வழு’ வந்தது. இலக்கணத்தில் திணை வழு, பால் வழு முதலாக ஏழு வழுக்கள். வழுவே ஆயினும் ஏதோ ஒரு காரணம் பற்றி அமைத்துக்கொள்வது வழுவமைதி. இக்காலத்தில் கணினி நிரலின் பிழைக்கும் தமிழ்க் கணிமைக்காரர்கள் ‘வழு’ என்றே பெயரிட்டார்கள். மிகப் பொருத்தமான பெயர். ஆங்கிலத்தில் ‘கிளிட்ச்’ என்று சொல்வதும் வழுக்குதலைக் குறிக்கும் ‘கிளிட்ஷென்’ என்ற செருமானியச் சொல்லின் வழியில், இத்திஷ் மொழி மூலமாக வந்தது என்பர். அந்த ‘கிளிட்ஷென்’ மேற்சொன்ன ‘கிளைட்டன்’ என்பதன் கிளை. ஆக வழுக்குவது அவர்களுக்கும் பிழைதான். ஆனால் அவர்கள் பிழைக்குத் தனிக் கிளையை ஒதுக்கிவிட்டு, மூலச் சொல்லின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ‘சறுக்கு’ என்பதன் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்ற பழமொழி போதும்.

இரண்டாவதன் தலைவன் ‘ஒழுகு’. நீர் ஒழுகுவதும் ஒழுகுவதே. மனிதன் நெறிப்படி நடப்பதும் ஒழுகுவதே. அதிலிருந்து ஒழுக்கம், அதன் அருகில் ஒழுங்கு. தடையின்றி, தடம் மாறாமல் செல்லும் ஓட்டத்திலிருந்து அறத்துக்குப் பெயர் எடுத்த மொழி நம்முடையது. இந்த இரண்டு இயக்கங்களையும் ஒரே குறளில் எதிரெதிரே நிறுத்தியவர் வள்ளுவர். கேள்வி என்னும் அதிகாரத்தில், 415ஆம் குறளில், ஒழுக்கமுடையோரின் வாய்ச்சொல் வழுக்குநிலத்தில் ஊன்றும் கோலைப் போன்றது என்கிறார். வழுக்குநிலத்துக்கு அவர் ஆளும் சொல் ‘இழுக்கல்’. சேற்றில் கால் போவது இழுக்கல். நெறியில் கால் செல்வது ஒழுக்கம். வகுப்பில் இக்குறளை உவமையணிக்கு எடுத்துக்காட்டாக மட்டும் நடத்திவிட்டுப் போவது, வேட்டியை விரித்துப் பார்க்காமல் கரையை மட்டும் பார்த்து வாங்குவது போன்றது.

இலக்கண ஆசிரியர்களும் இயக்கத்தைக் கூர்ந்து நோக்கியவர்களே. நூற்பாக்கள் ஒன்றையடுத்து ஒன்று நிற்கும் முறைக்கு நன்னூலார் சொல்லும் பெயர்கள் நான்கு: ஆற்றொழுக்கு, அரிமாநோக்கம், தவளைப்பாய்த்து, பருந்தின்வீழ்வு. ஆறு ஒழுகும், தவளை தாவும், பருந்து வீழும். நான்கில் மூன்று இயக்கத்தின் பெயர்கள். ஆங்கிலேயன் பருந்திடம் அதன் மிதப்பைக் கண்டான். நம்மவர் அதன் வீழ்வைக் கண்டார்கள். மிதப்பைக் காண நமக்கு ஆறு இருந்தது. செய்யுளின் ஓசையிலும் இப்படியே. தொல்காப்பியர் கூறும் இருபது வண்ணங்களுள் ஒன்று ‘ஒழுகு வண்ணம்’. உருட்டு வண்ணமும் முடுகு வண்ணமும் அதற்கு வேறாக உண்டு. இசையில் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இழைந்து செல்வதை மட்டும் ‘ஜாரு’ என்று தெலுங்குச் சொல்லாலேயே சொல்லிப் பழகிவிட்டோம். அதன் நேர்ப்பொருளும் வழுக்குதல்தான். அடிகளார் கேட்டிருந்தால் வருந்தியிருப்பார்.

ஆனால் ‘கிளைடு’ என்னும் சொல்லோடு தமிழிலக்கணம் நேருக்குநேர் சந்திக்கும் இடம் வேறொன்று. ஒலியியலில், ஓர் ஒலியிலிருந்து மற்றோர் ஒலிக்கு நா இழைந்து செல்லும்போது இடையில் பிறக்கும் ஒலிக்கு ‘கிளைடு’ என்று பெயர். ஹென்றி சுவீட் 1877இல் வெளியிட்ட ஒலியியல் கையேட்டில் இதனை விரிவாகப் பேசுகிறார். அதையே தொல்காப்பியர் புணரியலில் உடம்படுமெய் என்று கூறிப் போந்தார். உயிரீற்றின் முன் உயிர் வந்தால் இடையே ஒரு மெய் தோன்றும் என்பது அவர் விதி. எந்தெந்த உயிருக்குப் பின் எந்த மெய் என்பதை நன்னூலார் தெளிவாக்கினார்: இ, ஈ, ஐ என்பவற்றின் பின் யகரம், ஏனைய உயிர்களின் பின் வகரம், ஏகாரத்தின் பின் இரண்டும். வடசென்னையின் திருவொற்றியூர் என்ற ஒரு பெயரைப் பிரித்துப் பாருங்கள். திரு, ஒற்றி, ஊர். முதல் இடைவெளியில் வகரம், இரண்டாவதில் யகரம். நூற்பா முழுதும் ஓர் ஊர்ப்பலகையில் அடங்கிவிடுகிறது. கோ, இல் இரண்டும் சேரும்போது விதிப்படி கோவில். வழக்கில் கோயிலும் உண்டு. இரண்டில் எது சரி என்று இங்கு நண்பர்கள் மீண்டும் தொடங்க வேண்டாம்.

ஒரே ஒலி நிகழ்ச்சிக்கு இரு மரபுகள் பெயரிட்ட விதம் கவனிக்கத்தக்கது. ஆங்கிலம் நாவின் இயக்கத்தைப் பார்த்துப் பெயரிட்டது. தமிழ், தனித்தனியே நிற்கும் இரு உயிர்களை உடன்படுத்துகிற மெய் என்று அதன் பணியைப் பார்த்துப் பெயரிட்டது. இதனால்தான் மொழியியல் படிக்க வரும் மாணவர்களிடம் ‘உடம்படுமெய் என்றால் கிளைடு’ என்று ஒரே வரியில் சொல்லி முடிப்பதை நான் ஒப்புவதில்லை. யகர வகரங்கள் இயல்பாகச் சொல்லில் நிற்கும்போதும் ஒலியியலார்க்கு அவை கிளைடுதான். ‘யானை’யில் உள்ள யகரம் எந்த இரண்டையும் உடன்படுத்தவில்லை, அது உடம்படுமெய் அன்று. ஒன்று ஒலியின் தன்மை. மற்றது ஒலி செய்யும் வேலை.

மீண்டும் விமானத்துக்கு வருகிறேன். தமிழில் அதற்கான சொல் முன்பே இருக்கிறது. சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 27ஆம் பாட்டில், பாகன் செலுத்தாத வானவூர்தி பேசப்படுகிறது. புலவர் பாடும் புகழுடையோர் அடையும் பேறு அது. இதைக் காட்டிப் பழந்தமிழர் விமானம் ஓட்டினார்கள் என்று மேடையில் முழங்குவோருக்கு ஒரு சொல்: பாட்டு பேசுவது மறுமைப் பேறு, போக்குவரத்து அன்று. சீவக சிந்தாமணியில் விசயை ஏறிச் சென்ற மயிற்பொறி இன்னும் நுட்பமான கற்பனை. பொறியை வலப்பக்கம் திருகினால் ஏறும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். கட்டியங்காரனின் வெற்றி முரசு கேட்டு அவள் மயங்க, பொறி சுடுகாட்டில் வந்து இறங்குகிறது. அதுவும் கற்பனையே, ஆயினும் செலுத்துவோர் இன்றி இறங்கும் ஊர்தியைத் திருத்தக்கதேவர் எண்ணிப் பார்த்திருக்கிறார்.

நான் இங்கு வற்புறுத்துவது விமானத்தை அன்று, சொல்லை. ‘ஊர்தல்’ என்பது பாம்பின் செலவு; பரியின்மீதும் தேரின்மீதும் இவர்ந்து செல்வதும் அதுவே. தரையை விட்டுப் பிடி நழுவாமல், அதிர்வின்றி, தன்வயத்தோடு செல்லும் செலவு. ஊர்வன, ஊர்தி எல்லாம் அதன் வழியே வந்தன. பழைய ஆங்கிலப் புலவன் கதிரவனுக்குச் சொன்ன வினைக்கு இதைவிட நெருங்கிய தமிழ் எனக்குத் தெரியவில்லை. அப்படியிருக்க, வானூர்தி என்ற நல்ல சொல்லின் தலையில் ‘சறுக்கு’ என்பதை ஏற்றி, ஏறும்போதே விழப்போவதாக அச்சுறுத்துவானேன்? ‘ஒழுகூர்தி’ எனலாமா என்று ஒருமுறை வகுப்பில் கேட்டேன். மழைக்காலத்தில் தாம்பரத்திலிருந்து வரும் பேருந்துகள் எல்லாம் ஒழுகூர்திகள்தாம் ஐயா என்று பின்வரிசையிலிருந்து பதில் வந்தது. ‘மிதவூர்தி’ என்றால் படகு என்பார்கள். என் தேர்வு ‘காற்றூர்தி’. இயந்திரமின்றிக் காற்றையே ஊர்ந்து செல்வது என்று பொருள் விரியும்.

பல்லவபுரம் என்பதே பல்லாவரம் ஆயிற்று என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. ஊரின் குன்றில் மகேந்திரவர்மன் குடைவித்த குகையும் அவன் விருதுப்பெயர்கள் பொறித்த கல்வெட்டும் இருக்கின்றன. குகை இன்று தர்காவாக விளங்குகிறது. வன்மையான பகரம் வாய்ப்பழக்கத்தில் வகரமாக இளகி, அகரம் நீண்டு, ஒரு பேரரசின் பெயர் நான்கு அசைகளுக்குள் அடங்கியிருக்கிறது. காஞ்சிபுரம் ஆங்கிலேயர் ஏட்டில் காஞ்சீவரம் ஆனதும் இவ்வகையே. இதை நன்னூலார் வழு என்பாரா, மரூஉ என்பாரா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. மரூஉ. தஞ்சாவூரைத் தஞ்சை என்பதற்கு எந்த உரிமை உண்டோ அந்த உரிமை இதற்கும் உண்டு.