கனத்தையில் ஒரு காலை: பறவைகளும் வண்ணாத்திப்பூச்சிகளும்

பொரளைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கனத்தை மயானத்துக்கு நடந்தே போய்விடலாம். அந்த வாசலுக்குள் கால் வைக்க எனக்கு முப்பது வருடங்களுக்கு மேல் எடுத்தது. 1983 யூலை 23 இரவு திருநெல்வேலியில் கொல்லப்பட்ட 13 இராணுவத்தினரை மறுநாள் அடக்கம் செய்ய ஏற்பாடாகியிருந்தது இங்கேதான். காத்துக்கொண்டிருந்த கூட்டம் பொரளை வீதிகளில் இறங்கியதோடு கறுப்பு யூலை தொடங்கியது. நாங்கள் அப்போது பக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். வேலைக்குப் போன சித்தப்பா திரும்பி வரவில்லை.

கூட வேலை செய்த சிங்கள நண்பர் ஒருவரின் அடக்கத்துக்காகத்தான் கடைசியில் உள்ளே போனேன். மண் போடும்போது பின்னால் சருகுக்குள்ளிருந்து இரண்டு சீழ்க்கை. திரும்பிப் பார்த்தால் கட்டை வால், பச்சை முதுகு, வயிற்றடியில் குங்குமச் சிவப்பு. ஆறுமணிக்குருவி. விடியலிலும் மைம்மலிலும் கூவுவதால் அந்தப் பெயர். சிங்களத்தில் அவிச்சியா என்பார்கள். ஒக்டோபர் அளவில் இந்தியாவிலிருந்து வந்து ஏப்ரல் வரை நிற்கும். சருகைக் கிளறிப் புழு தின்னும் குருவிக்குக் கூட்டிப் பெருக்காத நிலம் வேண்டும். கொழும்பில் அது எங்கே இருக்கிறது? வந்திறங்கும் நாட்களில் களைத்துப்போய் வீடுகளுக்குள்ளும் விழுவதுண்டு. கண்டால் காற்றுப் புகும் காகிதப் பெட்டியில் இருட்டாக வைத்திருந்து, தெளிந்ததும் பற்றைப் பக்கம் விட்டுவிடுங்கள்.

கனத்தை சுமார் 48 ஏக்கர். கிறிஸ்தவர், பௌத்தர், இந்துக்கள் எல்லோருக்கும் இடம் உண்டு. மரங்கள் பழையவை. பட்ட கொப்புகளையும் பல இடங்களில் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். ஒருவரும் தொடாமல் விட்டதால்தான் இவ்வளவு உயிரும் இங்கே இருக்கிறது. எங்கள் பக்கத்தில் கல்லறைகளையே புல்டோசர் போட்டுக் கிளறியதை இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பட்ட கொப்பில் முதலில் தேட வேண்டியது மரங்கொத்தி. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு அதன் முதுகு பொன்மஞ்சள். பனையில் தொற்றி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். கொழும்பில் நிற்பதன் முதுகு இரத்தச் சிவப்பு. முதல் தடவை பார்த்தபோது வேறு ஏதோ பறவை என்றே நினைத்தேன். சிவப்பு முதுகு இலங்கைக்கே உரிய இனம். மஞ்சள் முதுகு இந்தியாவிலும் உண்டு. வட மத்தியப் பக்கத்தில் இரண்டும் கலந்து செம்மஞ்சள் முதுகோடு திரிகின்றன. மரங்கொத்தி கைவிட்ட பொந்தில் மைனாவும் குண்டுக்கரிச்சானும் குடியேறும். உச்சியிலிருந்து 'குட்டூர், குட்டூர்' என்று விடாமல் கத்துவது குக்குறுவான். செம்பகம், மாங்குயில், கூட்டமாகச் சண்டை பிடிக்கும் புலுனி எல்லாம் தேடாமலே தென்படும்.

பறவைக்கு ஆறு மணி என்றால் வண்ணாத்திப்பூச்சிக்கு ஒன்பது மணி. வெயிலில் உடம்பு சூடேறினால்தான் அதற்குப் பறக்க வரும். மயானம் என்றதும் நினைவுக்கு வரும் ஈழத்தலரியின் அடியில் நின்று காலத்தை வீணாக்க வேண்டாம். அந்தப் பூவில் தேனே இல்லை. இரவில் வாசத்தைக் காட்டி அந்துப்பூச்சியை ஏமாற்றுகிற மரம் அது. கல்லறை இடுக்கில் முளைக்கும் கிணற்றடிப்பூண்டையும் எக்சோராப் பற்றையையும் பாருங்கள். கறுப்பு இறகில் சிவப்புப் பொட்டு வைத்த பெரிய பூச்சி வந்தால் உடம்பைக் கவனியுங்கள். உடம்பும் சிவப்பென்றால் அது நஞ்சுள்ளது. ஆடுதின்னாப்பாளை தின்று வளர்ந்தது. உடம்பு கறுப்பென்றால் கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வளர்ந்த வேறொரு இனத்தின் பெண், நஞ்சுள்ளதைப்போல வேடம் போட்டிருக்கிறது. குருவிச்சை பிடித்த மரம் இருந்தால் அண்ணாந்து பாருங்கள். இறகின் அடியில் மஞ்சளும் சிவப்பும் தீட்டிய பூச்சி ஒன்று அங்கே சுற்றும். அதன் புழுவுக்குக் குருவிச்சைதான் சாப்பாடு.

ஊரிலிருப்பவர்கள் இதற்காகக் கொழும்புக்கு வர வேண்டியதில்லை. சேமக்காலை மதிலோரம், சுடலைப் பாதையில், எருக்கலை நிற்கும். செம்மஞ்சள் இறகும் கறுப்பு விளிம்புமாக அதைச் சுற்றுவதன் புழு பாலூறும் எருக்கலை இலையைத் தின்றே வளரும். அந்த நஞ்சு பூச்சியிலும் தங்குவதால் பறவைகள் அதைத் தொடுவது குறைவு.

தொலைநோக்கி இருந்தால் நல்லது. நான் கொண்டுபோவதில்லை. போர்க்காலத்தில் கொழும்பில் ஒரு தமிழன் கையில் தொலைநோக்கி பிடிபட்டால் என்ன நடந்திருக்கும் என்ற பயம் இன்னும் போகவில்லை. அதனால் காதால் பழகினேன், அதுவும் போதும். அடக்கம் நடக்கும் பக்கம் போகாதீர்கள். துக்கத்தில் நிற்பவர்களுக்கு முன்னால் கமெராவை எடுக்காதீர்கள். கல்லறையில் ஏற வேண்டாம். சருகில் கால் வைக்கும்போது பாம்பையும் நினையுங்கள். வாசலில் கேட்டால் குருவி பார்க்க வந்ததாகச் சொல்லுங்கள்.

குழி வெட்டும் ஐயா ஒருவர் ஆரம்பத்தில், யாருடைய கல்லறைக்கு வருகிறீர்கள் என்று கேட்டார். எனக்கு இங்கே ஒருவரும் இல்லை, குருவிக்குத்தான் வருகிறேன் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். போன மார்கழியில் தூரத்திலிருந்தே மண்வெட்டியை உயர்த்திக் கூப்பிட்டார். "அவிச்சியா வந்துவிட்டது மாத்தையா, அந்த மதில் பக்கம் போய்ப் பாருங்கள்."