பீட்டர் ஸ்காட்: குடும்ப வரலாறு

பீட்டர் மார்க்கம் ஸ்காட் (14 செப்டம்பர் 1909 – 29 ஆகஸ்ட் 1989) ஓவியர், பறவையியலாளர்; இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் தன்னார்வக் கடற்படை ரிசர்வ் அதிகாரி. தென்துருவப் பயணி ராபர்ட் ஃபால்கன் ஸ்காட்டின் ஒரே மகன். இவருடைய கடல் வாழ்க்கையைத் தந்தையின் புகழோடு மட்டும் சேர்த்துச் சொல்வது வழக்கம். ரிசர்வ் படைக்கு இவருக்கு முன்னோடியாக அந்த வீட்டில் இருந்தவர் மாற்றாந்தந்தை.

தந்தைவழித் தாத்தா பிளிமத்தில் மதுவடிசாலை நடத்தியவர். தந்தையோ 13 வயதிலேயே கடற்படைப் பயிற்சிக் கப்பலில் சேர்ந்து முழுநேர அதிகாரியானவர். தாய் கேத்லீன் புரூஸ், பாரிஸில் ரோடினிடம் பயின்ற சிற்பி. குழந்தைக்கு ‘பீட்டர் பான்’ நாடகத்தின் நாயகன் பெயரை வைத்தார்கள்; அதை எழுதிய ஜே. எம். பேரிதான் ஞானத்தந்தை. தந்தை 1910 ஜூலையில் லண்டனை விட்டுப் புறப்பட்டபோது பீட்டர் பத்து மாதக் குழந்தை. அதன்பின் அவர்கள் சந்திக்கவே இல்லை. 1912 மார்ச் இறுதியில், பனிக்கூடாரத்தில் சாவை எதிர்நோக்கியபடி மனைவிக்கு எழுதிய கடிதத்தில், பையனுக்கு இயற்கையில் ஈடுபாடு வளர்க்கும்படி கேட்டிருந்தார். கணவரை வரவேற்க நியூசிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த கேத்லீனுக்கு, 1913 பிப்ரவரியில் நடுக்கடலில் கம்பியில்லாத் தந்தி மூலமே சாவுச் செய்தி கிடைத்தது. லண்டன் வாட்டர்லூ பிளேஸில் நிற்கும் ஸ்காட்டின் சிலை அவர் கையால் ஆனது.

1922இல் கேத்லீன் எட்வர்ட் ஹில்டன் யங்கை மணந்தார். யங் அரசியல்வாதி, முதல் உலகப் போரில் ரிசர்வ் அதிகாரியாக இருந்தவர். 1918 ஏப்ரலில் சீபுரூக் துறைமுகத் தாக்குதலில் ‘விண்டிக்டிவ்’ கப்பலில் வலது கையை இழந்தார். முழுநேர அதிகாரியின் சட்டைக் கையில் பொன்பட்டை நேராக ஓடும். தன்னார்வ ரிசர்வ் அதிகாரிக்கு அந்நாளில் அது அலைபோல் வளைந்திருந்தது. ‘அலைக் கடற்படை’ என்ற செல்லப்பெயர் அதனால் வந்தது. பெற்ற தந்தை அணியாத அந்த வளைந்த பட்டையை, மாற்றாந்தந்தைக்குப் பின் பீட்டரும் அணிந்தார்.

இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் ‘புரோக்’ நாசகாரிக் கப்பலில் பணி. ஓவியரின் கண் அங்கே கைகொடுத்தது: இரவில் கரும்பூச்சை விட வெளிர்நிறமே கப்பலை எளிதில் மறைக்கும் என்று உணர்ந்து வெள்ளையும் இளநீலமும் கலந்த பூச்சை வகுத்தார், அது பல கப்பல்களுக்குப் பரவியது. பின்னர் ஆங்கிலக் கால்வாயில் நீராவித் துப்பாக்கிப் படகுகளுக்குத் தலைமை தாங்கினார். 1942இல் தியெப் தாக்குதலிலும் பங்கேற்றார். வீரத்துக்கான கடற்படைச் சிலுவைப் பதக்கம் இருமுறை கிடைத்தது.

அதே 1942இல் எலிசபெத் ஜேன் ஹோவர்டை மணந்தார். அவர் பிற்காலத்தில் பெயர்பெற்ற நாவலாசிரியை. மகள் நிக்கோலா. 1951இல் மணமுறிவு, அவ்வாண்டே பிலிப்பாவை ஐஸ்லாந்தில் மணந்தார். அவர்களின் மகனுக்குத் தாத்தாவின் பெயரான ஃபால்கன். மகளுக்கு டஃபிலா: ஊசிவால் வாத்தின் பழைய அறிவியல் பெயர் அது. 1946இல் பீட்டர் ஸ்லிம்பிரிட்ஜில் நிறுவிய நீர்ப்பறவைக் காப்பகமே அந்தக் குடும்பத்தின் வீடாயிற்று. 1964 முதல் அங்கே குளிர்கால அன்னங்களின் அலகிலுள்ள மஞ்சள்-கறுப்புக் கோலத்தை வரைந்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் கண்டு, பெயரிட்டு வந்தார்கள். டஃபிலா பின்னர் அன்னங்களையே ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார்.