கேண்டியின் கணக்கு

ஜான் ஸ்டைன்பெக் 1937-இல் வெளியிட்ட ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ என்னும் குறுநாவலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஜார்ஜ், லென்னி என்னும் இருவரோடு நின்றுவிடுகின்றனர். அவர்தம் நட்பும் முடிவும் நெஞ்சை உருக்குவன என்பதில் ஐயமில்லை. ஆயினும், அக்காலத்து அமெரிக்கப் பண்ணைத் தொழிலாளர் வரலாற்றை அறிய விழைவோர், ஓரத்தே ஒதுங்கி நிற்கும் பாத்திரங்களையே உற்று நோக்கவேண்டும் என்பது என் கருத்து.

கதை நிகழுமிடம் கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கு. ஆசிரியர் 1902-இல் பிறந்த மண். நூல் வெளிவருவதற்கு முந்திய ஆண்டில் சலினாஸ் நகரில் லெட்யூஸ் கீரைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, கண்ணீர்ப் புகைக்கு ஆளாயினர். நாவலிலோ வேலைநிறுத்தமும் இல்லை, கொடியும் இல்லை. பூசல் அனைத்தும் பண்ணைக்குள்ளேயே நிகழ்கின்றது; மெலியோர் தம்மினும் மெலியோர் மீதே பாய்கின்றனர்.

கேண்டி என்னும் கிழவரைப் பாருங்கள். பண்ணை வேலையில் ஒரு கையை இழந்தவர். அதற்கு ஈடாகப் பெற்றது 250 டாலர். பெருக்கித் துடைக்கும் வேலையும் கிடைத்தது. சேமிப்பு 50, மாத இறுதியில் வரவேண்டியது 50; ஆக 350. ஜார்ஜ் கனவு காணும் நிலத்தின் விலை 600. கோப்புகளிலும் கணக்குகளிலும் காலம் கழிக்கும் என் போன்றோர்க்கு இந்த எண்கள் கதையைவிட உரக்கப் பேசுகின்றன. 1935-இல் இயற்றப்பெற்ற சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோர்க்கு ஓய்வூதியம் வகுத்தது. பண்ணைத் தொழிலாளரை மட்டும் வெளியே நிறுத்திற்று. வீட்டு வேலை செய்வோர்க்கும் அதே கதிதான். ஆகவே கேண்டி நாடும் நிலம் வெறும் பகற்கனவு அன்று. அவர் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட ஓய்வூதியம்! தம் கிழட்டு நாயைப் பயனற்றதென்று பிறர் சுட்டுக் கொன்றபோது, தமக்கு வரவிருப்பதையும் அவர் கண்டுகொண்டார்.

குதிரைலாயக் காவலரான குரூக்ஸ் கறுப்பர். ஏனையோருடன் உறங்கும் உரிமை அவர்க்கில்லை. கலிபோர்னியாவிலேயே பிறந்தவர், தந்தையார்க்குப் பத்து ஏக்கர் அளவில் கோழிப் பண்ணை இருந்தது. தனியறையில் அவர் வைத்திருக்கும் சில நூல்களுள் ஒன்று 1905-ஆம் ஆண்டின் கலிபோர்னிய உரிமையியல் சட்டத் தொகுப்பு. புரட்டிப் புரட்டி நைந்துபோன நூல் அது. கூலியின்றியே உழைக்கிறேன், என்னையும் உங்கள் நிலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்குமளவிற்கு அவருள்ளும் ஆசை எழுகின்றது. சற்று நேரத்தில் முதலாளி மகன் கர்லியின் மனைவி வந்து, தான் ஒரு சொல் சொன்னால் மரத்தில் தொங்கவிடுவார்கள் என்று அச்சுறுத்துகின்றாள். ஆசிரியர் பெயர்கூடத் தராத பெண் அவள். அந்த வீட்டில் அவள் சொல்லுக்கும் மதிப்பில்லை. எனினும் ஒரு கறுப்பர் மீது அச்சொல் உயிர்க்கொலையாகும் என்பதை இருவரும் அறிவர். குரூக்ஸ் தம் வேண்டுகோளை அப்போதே திரும்பப் பெற்றுக்கொள்கின்றார். அந்தச் சட்ட நூல் அலமாரியிலேயே இருக்கின்றது.

தொழிற்சங்க உரிமையை உறுதிசெய்த 1935-ஆம் ஆண்டின் நடுவண் சட்டமும் பண்ணைத் தொழிலாளரை விலக்கியே வைத்தது. நிலையாகப் பணிபுரியும் பண்ணையாட்கள் 1950-இல் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பெற்றனர். சங்கமாகக் கூடிப் பேரம் பேசும் உரிமையைக் கலிபோர்னியா அவர்கட்கு அளித்தது 1975-இல். ஸ்டைன்பெக் மறைந்து அப்போது ஏழாண்டுகள் ஆகியிருந்தன.