'கென்னத்' என்றால் என்ன அர்த்தம்? ஜவளகிரி புலிக்கதை எழுதியவரின் பெயருக்குள் ரெண்டு பெயர்!

ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் பழைய வேட்டைக் கதைகளைப் பேச ஆரம்பித்தால், கட்டாயம் வரும் பெயர் கென்னத் ஆண்டர்சன். இந்தப் பெயரின் அர்த்தத்தை இணையத்தில் தேடினால், ஒரு தளம் 'அழகன்' என்கிறது. இன்னொரு தளம் 'நெருப்பில் பிறந்தவன்' என்கிறது. எதுதான் சரி?

யார் இந்த ஆண்டர்சன்?

1910-ல் பிறந்து 1974-ல் மறைந்தவர். பல தலைமுறைகளாக இந்தியாவில் வாழ்ந்த ஸ்காட்லாந்து வம்சாவளிக் குடும்பம். பெங்களூருவில் வசித்தபடி, இந்த எல்லையோரக் காடுகளைச் சுற்றி வந்தவர். 1954-ல் வெளியான 'நைன் மேன்-ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்' புத்தகத்தில் ஜவளகிரி ஆட்கொல்லிப் புலியும் இருக்கு, கும்மளாபுரம் சிறுத்தையும் இருக்கு.

பெயர் எங்கிருந்து வந்தது?

அயர்லாந்து, ஸ்காட்லாந்தில் பேசப்படும் கேலிக் மொழிகளிலிருந்து. இவை செல்டிக் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அங்கே இருந்தது ஒரு பெயர் இல்லை, ரெண்டு பெயர்.

* முதல் பெயர் 'கன்னெக்'. அர்த்தம், அழகன். 6-ம் நூற்றாண்டில் இந்தப் பெயரில் ஒரு அயர்லாந்து துறவி வாழ்ந்தார். அங்குள்ள கில்கென்னி நகரத்தின் பெயருக்கே 'கன்னெக்கின் தேவாலயம்' என்றுதான் பொருள்.

* இரண்டாவது பெயர் 'கினாய்த்'. 'நெருப்பில் பிறந்தவன்' என்று பொதுவாகச் சொல்கிறார்கள். 858-ல் இறந்த மன்னர் கென்னத் மெக்கால்பினின் சொந்த மொழிப் பெயர் இதுதான். ஸ்காட்லாந்தின் முதல் மன்னர் என்று மரபாகச் சொல்லப்படுபவர் இவர்.

குழப்பம் எப்படி வந்தது?

ஆங்கிலத்தில் எழுதும்போது ரெண்டு பெயரையும் 'கென்னத்' என்றே எழுதிவிட்டார்கள். பெயர் ஒன்றாகிப் போச்சு, அர்த்தம் மட்டும் ரெண்டாகவே நின்னுடுச்சு. அதனால் ஒரே அர்த்தத்தைப் போடும் தளங்கள் சொல்வது பாதிக் கதைதான். இன்றைய ஸ்காட்லாந்து கேலிக் மொழியில் கென்னத்துக்கு இணையான பெயர், முதல் பெயரிலிருந்து வந்தது. ஆக, அங்கே 'அழகன்' கைதான் ஓங்கி நிற்கிறது.

'கென்' என்பதும் இதுதானா?

கென்னத்தைச் சுருக்கிக் கூப்பிடும் 'கென்', 'கென்னி' ரெண்டும் இதே பெயர்தான். ஆனால், ஜப்பானிய 'கென்' முற்றிலும் வேறு. எந்த எழுத்தில் எழுதுகிறார்களோ, அதற்கேற்ப ஆரோக்கியம் போன்ற பொருள்கள் வரும். ஒலி ஒன்றாக இருப்பது தற்செயல்.

குழந்தைக்கு வைக்கலாமா?

தாராளமாக. ரெண்டுமே நல்ல அர்த்தம்தான். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் எழுத்து மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆண்டர்சன் சுற்றிய இந்தக் காட்டுப்பகுதியில் 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அவர் துப்பாக்கியோடு போன இடம், இன்று விலங்குகளுக்கான பாதுகாப்பு எல்லை.